அக்காவுக்கு ஒரு மெழுகுவத்தி, தம்பிக்கு ஒரு பிடி எள்ளு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, பாதி எழுதி, அப்படியே மூடி வெச்சிருந்த பதிவு இது. போன வாரம் ஒரு தோழி போன்ல கேட்டாங்க. "உங்க ரெண்டு பேருக்கும் சாமி வேற வேறயாச்சே, வீட்டுல சண்டை வராதா?"

சண்டை வரும்ங்க. வராம என்ன? காபியில சர்க்கரை, ஃபேன் ஸ்பீடு, டிவி ரிமோட்டு, துண்டைக் காயப்போடாம கட்டில்ல எறியறது... இதுக்கெல்லாம் தினம் வரும். சாமிக்காக மட்டும் இதுவரைக்கும் வந்ததில்லை. ஏன்னு அவங்களுக்குப் போன்ல சொல்லி முடியல. அதான் கொசுவத்தியைச் சுத்திட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

*

2011. திருச்சி. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வயசு நாப்பது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். உள்ள அவங்க மெஷினோட படுத்திருப்பாங்க, வெளிய நாங்க பெஞ்சுல. நான் ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதறேன். லீவு கிடைக்காத நாள்ல என் மாமியார் வந்து உக்காருவாங்க.

அந்தப் பெஞ்சுல எங்களோட இன்னும் ரெண்டு குடும்பம். ஒருத்தர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல வேலை பார்க்கிறவர், கத்தோலிக்கர். அவர் மனைவிக்கு டயாலிசிஸ். இன்னொருத்தங்க பாலக்கரையில இருந்து வர்ற ஒரு முஸ்லிம் அம்மா, அறுபதை நெருங்கற வயசு. அவங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்.

அந்த ரயில்வேக்காரர் மனைவியை நான் அக்கான்னு கூப்பிடுவேன். அவர் என் வீட்டுக்காரரைத் தம்பின்னு கூப்பிடுவார். அவரை நான் "சார்"னு கூப்பிடுவேன். (நல்லவேளை, அண்ணேன்னு ஆரம்பிக்கல!)

டயாலிசிஸ் வீட்டுக் கஷ்டம் அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்குக் காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து அரை லிட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. திருச்சி வெயில்ல நெனச்சுப் பாருங்க. காயை நறுக்கி, ஊற வெச்சு, வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சமைக்கணும். வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம். தாகம் தாங்கலைன்னா ஒரே ஒரு ஐஸ் கட்டி, வாயில போட்டு மெதுவாக் கரைய விடணும்.

சாமிங்க எல்லாரும் வந்து சேர்ந்தது இந்த இடத்துலதான். அக்கா புதன்கிழமை சகாய மாதா கோவில் நவநாளுக்குப் போயிட்டு வியாழக்கிழமை வரும்போது எல்லாருக்கும் மாதா படம் கொண்டு வருவாங்க. பாலக்கரை அம்மா நத்தர்வலி தர்காவுல ஓதி ஊதின தண்ணி கொண்டு வருவாங்க. ஆனா நோயாளிக்குத் தண்ணிதான் ஆகாதே? அதனால ஆளுக்கு ஒரு ஸ்பூன். நர்ஸம்மா பார்த்துட்டு "அதையும் கணக்குல சேத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் சமயபுரத்துக் குங்குமம்.

மாசி கடைசியில சமயபுரத்து அம்மன் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பா. அந்த நாள்ல அவளுக்கு நைவேத்தியமே துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்னுதான். இதை ஒரு நாள் அக்காகிட்ட சொன்னேன். அக்கா கண்ணை அகல விரிச்சுகிட்டு, "உங்க அம்மனும் பத்தியமா? அப்ப நம்ம கட்சி"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இளநீர் குடிக்கறாளே, குடுத்து வெச்சவ"ன்னாங்க. பெஞ்சு மொத்தமும் சிரிச்சுது.

2013 பிப்ரவரியில அக்கா போயிட்டாங்க. ஆகஸ்ட்ல என் வீட்டுக்காரர். அடுத்த வருஷம் பாலக்கரை அம்மா வீட்டுக்காரரும்.

*

ஒவ்வொரு மதமும் துக்கத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. எங்களுக்குப் பதினாறு நாள், அப்புறம் மாசியம், வருஷ திதி. அவங்களுக்கு ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை. முஸ்லிம் பெண்களுக்கு இத்தா, நாலு மாசம் பத்து நாள். அந்தந்த நாள் வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். கணக்கு முடிஞ்ச மறுநாள்தான் வீடு சத்தமில்லாம இருக்கறதே தெரியும். பந்தல் பிரிச்சாச்சு, வாடகைப் பாத்திரம் போயாச்சு. ஒன்பது வயசுப் பொண்ணு, ஒரே மகனைப் பறிகொடுத்த மாமியார், நான்.

எனக்குச் செஞ்ச சடங்கைப் பத்தி விரிவா எழுதப்போறதில்லை. பூ, பொட்டு, வளையல், பிறந்த வீட்டுக் கோடிப் புடவை... நம்ம ஊர்ல தெரியாதவங்க யாரு? செஞ்சவங்க யாரும் கெட்டவங்க இல்ல, அழுதுகிட்டேதான் செஞ்சாங்க. அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்வரிசை நாற்காலிதான், அது மட்டும் சொல்லிக்கறேன்.

இத்தா முடிஞ்ச கொஞ்ச நாள்ல பாலக்கரை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்குல சொன்னாங்க. "எங்கள்ல இத்தாவுக்கு ஒரு முடிவு உண்டும்மா. அது முடிஞ்சா அந்தப் பொண்ணு முறைப்படி நிக்காஹ் செஞ்சுக்கலாம், தப்பில்லைன்னு குர்ஆன்லயே இருக்கு. எனக்கு வயசாச்சு, வேணாம். உனக்கென்ன, முப்பத்தொன்பதுதானே? உன் இத்தா எப்ப முடியும்?" நான் பதில் சொல்லல. ஆனா எனக்கும் ஒரு "முடிவு நாள்" இருக்கலாம்னு முதல்ல சொன்னது என் மதத்துக்காரங்க யாரும் இல்ல. அதை இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

*

2014 நவம்பர் 2. கத்தோலிக்கர்களுக்கு அன்னிக்குக் கல்லறைத் திருநாள், இறந்தவங்க எல்லாரையும் நெனைக்கிற நாள். அக்காவுக்கு ஒரு பூவாவது வைக்கணும்னு எனக்கே தோணுச்சு. சாருக்குப் போன் பண்ணி இடத்தைக் கேட்டுகிட்டு, பொண்ணையும் கூட்டிகிட்டுப் போனேன்.

அதுவரைக்கும் கல்லறைத் தோட்டம்னா எனக்கு சினிமாவுல பார்த்த பயம்தான். அங்க போனா திருவிழா! கல்லறைக்கெல்லாம் வெள்ளையடிச்சு, செவ்வந்திப் பூ போட்டு, வரிசையா மெழுகுவத்தி. சின்னப் பசங்க ஓடிப்பிடிச்சு விளையாடறாங்க. ஃபாதர் ஒவ்வொரு கல்லறையா வந்து மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போறார். ஒரு பாட்டி கல்லறை மேல சாஞ்சு உக்காந்து, உள்ள இருக்கிற தாத்தாகிட்ட வீட்டு வாடகை விஷயமெல்லாம் பேசிகிட்டிருக்காங்க.

எனக்கு அதைப் பார்த்ததும் தொண்டை அடைச்சுது. என் வீட்டுக்காரர் ஓயாமரியில எரிஞ்சு காவேரியில கரைஞ்சுட்டார். நான் எங்க போய் வாடகை விஷயம் பேசறது?

சார் ஒண்ணும் கேக்கல. பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தி எடுத்து, "தம்பிக்கும் ஒண்ணு ஏத்துங்க"ன்னார். அக்கா கல்லறையோட ஓரத்துலயே ஏத்தினேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பதினாறு நாள்லயும் வராத அழுகை, அன்னிக்கு நிதானமா வந்துச்சு.

மறு வருஷம் புரட்டாசி மகாளய அமாவாசை. மாமியாருக்கு ஒரே கவலை. "எம்புள்ளைக்கு யாரு எள்ளும் தண்ணியும் இறைப்பா?" மாமனாரும் இல்ல, வீட்ல ஆம்பளப் பிள்ளை கிடையாது. அம்மா மண்டபத்துக்குப் போகலாம்னு கிளம்பினோம். அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். சார்தான் ஆட்டோ பேசிக் கூட்டிட்டுப் போனார். படித்துறையில எங்க செருப்பையும் பையையும் காவல் காத்துகிட்டு உக்காந்திருந்தார்.

ஐயர் என் பொண்ணு கையால எள்ளை வாங்கிகிட்டு, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரெல்லாம் கேட்டுச் செஞ்சு வெச்சார். முடியற நேரத்துல, சொந்தம் இல்லாதவங்களுக்கும் செய்யலாம், காருண்ய தர்ப்பணம்னு பேரு, யாராவது இருக்காங்களான்னு கேட்டார். மாமியார் யோசிக்கவே இல்ல. அக்கா பேரைச் சொன்னாங்க. ஞானஸ்நானப் பேரு, ஐயருக்கு வாயில நுழையல. கோத்திரம் தெரியாதுன்னதும், "தெரியலைன்னா காசியப கோத்திரம்னு சொல்லிக்கலாம்"னுட்டார். ஆக, அக்கா காசியப கோத்திரம் ஆனாங்க :-)

திரும்பிப் பார்த்தா, படியில செருப்புக்குப் பக்கத்துல அந்த மனுஷன் முகத்தைக் கையால மூடிகிட்டு உக்காந்திருக்கார். அக்கா போனதுலருந்து அவரைப் பார்க்க வந்தவங்க எல்லாம், "ஆண்டவர்கிட்ட நிம்மதியா இருக்கா, நீங்க அழக்கூடாது"ன்னு சொல்லிச் சொல்லி, ரெண்டரை வருஷமா அவர் அழவே இல்லையாம். "அவளுக்குத் தாகமா இருக்கும்னு நெனச்சு யாரோ தண்ணி குடுத்தாங்களே, அதான்"னு பிற்பாடு சொன்னார்.

அரை லிட்டர் கணக்குல ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போன பொம்பளைக்குக் காவேரித் தண்ணி.

*

காதல் எப்ப வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்ல முடியும். செத்தவங்களை எல்லாரும் உடனே தெய்வமாக்கிடறாங்க. என் வீட்டுக்காரர் ராத்திரி ரெண்டு மணிக்கு இளநீர் வேணும்னு அடம் பிடிச்சு, தராததுக்கு என்மேல டம்ளரை எறிஞ்சார். இதை நான் யார்கிட்ட சொல்ல முடியும்? மாமியார்கிட்டயா, பொண்ணுகிட்டயா? இவர்கிட்ட சொன்னேன். "அவ சொம்பையே எறிஞ்சா"ன்னார். ரெண்டு பேரும் போன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும், போனவங்க மேல பாசம் கூடித்தான் இருந்துச்சு. அவர் மனைவியை எனக்குத் தெரியும், என் புருஷனை அவருக்குத் தெரியும். யாரும் யாரையும் மறைச்சு வெக்க வேண்டியதில்லை.

2016 கடைசியில அவர்தான் கேட்டார். கேட்ட விதம் இது: "அத்தையையும் சேர்த்துத்தான் கேக்கறேன்." நான் பயந்துகிட்டிருந்ததே அதுக்குத்தான். என் வாழ்க்கையைப் பார்த்துகிட்டு, பெத்த பிள்ளையை இழந்த எழுபது வயசுக் கிழவியை எங்க கொண்டு விடறது?

மாமியார் ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள் காலையில காபியைக் குடுத்துட்டு மூணு கண்டிஷன் போட்டாங்க. பேத்தி பேரை மாத்தக் கூடாது. என் மகன் போட்டோ ஹால்லதான் இருக்கணும். அமாவாசையில மீன் வாசனை வரக் கூடாது. "மத்தபடி, எம்புள்ளைக்கு மூச்சு முட்டினப்ப நடுராத்திரியில ஆட்டோ புடிச்சுட்டு வந்தவன் அவன். அவன் எந்தச் சாமியைக் கும்புட்டா எனக்கென்ன"ன்னாங்க. அவர் மூணுக்கும் சரின்னார். (அவருக்கு வெள்ளிக்கிழமை கறி கிடையாது, எங்களுக்கு வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை... எல்லாத்தையும் கழிச்சா கசாப்புக்கடைக்குப் போக நாள் தேடணும்.)

ஊர் சும்மா இருக்குமா? என் பக்கம், "மதம் மாத்திடுவாங்க." அவர் பக்கம், "கோவில்ல வைக்காத கல்யாணம் ஒரு கல்யாணமா?" மாத்தச் சொல்லி அவரும் கேக்கல, மாறணும்னு எனக்கும் தோணல. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்றதுன்னு முடிவு பண்ணோம். நோட்டீஸ் குடுத்தா ஆபீஸ் போர்டுல ஒட்டுவாங்க, யாராவது ஆட்சேபணை சொல்ல 30 நாள் டைம். அந்தப் படிவத்துல பேர், வயசு, தொழிலோட "நிலை"ன்னு ஒரு கட்டம் உண்டு. அவருக்கு மனைவியை இழந்தவர், எனக்கு விதவை. கூடவே ரெண்டு பேரோட இறப்புச் சான்றிதழ். கல்யாணத்துக்கு எல்லாரும் ஜாதகம் எடுத்துட்டுப் போவாங்க, நாங்க எடுத்துட்டுப் போனது இதைத்தான். அந்த முப்பது நாளும் யாராவது வந்து ஏதாவது எழுதிக் குடுத்துடுவாங்களோன்னு வயித்துல புளியைக் கரைச்சுது. யாரும் வரல. 2017 ஜூன்ல, மூணு சாட்சி கையெழுத்தோட கல்யாணம். சாட்சியில ஒருத்தங்க பாலக்கரை அம்மா.

அவருக்குக் கோவில் முக்கியம். அதனால பங்குத் தந்தையைப் போய்ப் பார்த்தோம். ஞானஸ்நானம் வாங்காதவங்களைக் கட்டிக்க ஆயர்கிட்ட விதிவிலக்கு வாங்கினா போதும், நான் மாற வேண்டியதில்லைன்னார். பிறக்கப்போற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுக்க என்னால ஆனதைச் செய்வேன்னு கத்தோலிக்கப் பக்கம் உறுதிமொழி குடுக்கணும். மாப்பிள்ளைக்கு 47, பொண்ணுக்கு 42! ஃபாதரும் சிரிப்பை அடக்கிகிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். பூசை இல்லாம, பத்து நிமிஷத்துல வாக்குறுதி மட்டும். மாமியார் முதல் வரிசையில உக்காந்திருந்தாங்க. நானும் இந்தத் தடவை பின்வரிசையில இல்ல.

*

எல்லாரும் கை தட்டினாங்கன்னு நெனச்சுடாதீங்க. அவர் பையன் தட்டல. அவனுக்கு அப்ப பதினேழு. ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டான். நான் போன் எடுத்தா கட் பண்ணிடுவான். அவன் மேல எனக்குக் கோபமே வரல. அவன் அம்மா இடத்துல யாரோ ஒருத்தி, நெத்தியில பெரிய பொட்டோட.

2018 கல்லறைத் திருநாளுக்கு வந்தான். என்னைப் பார்க்காம கல்லறையைக் கழுவிகிட்டிருந்தான். எனக்கு அக்கா பெஞ்சுல சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அதை அவன்கிட்ட சொன்னேன்.

"அம்மா தண்ணி குடிக்க முடியாதுன்னு, நீ அவங்க முன்னாடி தண்ணியே குடிக்க மாட்டியாமே. விளையாடிட்டு வந்து, பின்னாடி குழாயில போய் சத்தம் வராமக் குடிப்பியாம்."

குடத்தைக் கீழ வெச்சுட்டான். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ குடிச்சு முடிக்கற வரைக்கும் அடுப்படியை விட்டு வர மாட்டாங்களாம். வந்தா நீ பாதியில நிறுத்திடுவேன்னு."

பன்னெண்டு வயசுல இருந்து அந்தப் பையன் சுமந்துகிட்டிருந்தது எதுவோ இறங்கினதை என் கண்ணால பார்த்தேன். அவங்கப்பாவுக்கே தெரியாத கதை அது. டயாலிசிஸ் பெஞ்சுல, யாரோ ஒரு இந்துப் பொம்பளைகிட்ட அக்கா குடுத்து வெச்சிருந்தாங்க. நான் கொண்டு போய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, தண்ணி குடுங்க"ன்னு கேட்டு வாங்கி, என் முன்னாடி நின்னு ஒரு சொம்பு குடிச்சான்.

அவன் இன்னிக்கும் என்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிடறான். என் பொண்ணு இவரை அங்கிள்னுதான் கூப்பிடறா. அம்மா, அப்பாங்கற பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்க. அதுல எங்க நாலு பேருக்கும் குறை கிடையாது.

2022-ல மாமியார் போயிட்டாங்க. கொள்ளி வெச்சது அவங்க அண்ணன் மகன். ஆனா பாடையில தோள் குடுக்க இவரை விடணும்னு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாங்க. குடுத்தார். அந்த நவம்பர் 2-ஆம் தேதி அக்கா கல்லறையில மூணு மெழுகுவத்தி. மாமியாருக்கு ஏத்தினது அவர் பையன்.

மனசு ஆறிடுச்சான்னு கேட்டா, ஆறின இடமும் இருக்கு, ஆறாத இடமும் இருக்கு. சனிக்கிழமை காலையில இன்னமும் ஆறு மணிக்கே முழிப்பு வந்துடும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னு. பக்கத்துல அவரும் முழிச்சுத்தான் கிடப்பார். "இன்னிக்கு சனிக்கிழமை"ம்பார். "ஆமா"ம்பேன். அப்புறம் யார் காபி போடறதுன்னு சண்டை.

டிஸ்கி: மறுமணத்துக்கு யோசிக்கறவங்களைச் சொந்தக்காரங்க, "புருஷன் சொத்து போயிடும்"னு பயமுறுத்துவாங்க. மறுமணம் பண்ணா சொத்துரிமை போகும்னு சொன்ன 1856-ஆம் வருஷத்துச் சட்டம் 1983-லயே ரத்தாயிடுச்சு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாம போனவரோட சொத்துல மனைவி, பிள்ளைங்க, அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அப்படி வந்த பங்கு மறுமணத்தால போகாது. ஆனா சிறப்புத் திருமணச் சட்டத்துல வேற மதத்துக்காரரைக் கட்டினா, அதுக்கப்புறம் உங்க சொத்துக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். ரெண்டு பக்கமும் பிள்ளைங்க இருந்தா, ஒரு வக்கீலைப் பார்த்து உயில் எழுதி வெச்சுடுங்க. நாங்க எழுதியாச்சு.